ஊருக்குள் இருக்கும் வாழிடங்களை வானப் படத்திலிருந்து வரைவது எப்படி: பள்ளிக்கரணையை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பல நகரங்களின் நிலப்பயன்பாட்டு வரைபடத்தில் 'காலி நிலம்' என்று ஒரு வகை இருக்கும். வீடு இல்லை, வயல் இல்லை, பூங்கா இல்லை, அதனால் காலி. அந்த வகைக்குள் என்னென்ன போய் விழுகிறது என்று ஒருமுறை நேரில் நடந்து பார்த்தால் மனசு கேட்காது. கோடையில் வெடித்துக் கிடக்கும் ஏரிப் படுகை, சம்பு மண்டிய சேறு, கீரியும் கவுதாரியும் திரியும் முள்புதர், ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் புறம்போக்கு, எல்லாமே காலி. தென் சென்னையில் இருக்கும் பள்ளிக்கரணையும் நெடுங்காலம் இப்படித்தான் பார்க்கப்பட்டது. ஊர்க்காரர்கள் 'கழுவெளி' என்று பெயர் வைத்திருந்த அந்தச் சதுப்பு நிலத்தைக் குப்பை கொட்டவும் கட்டடம் கட்டவும் சாலை போடவும் எடுத்துக்கொண்ட பிறகு, மீதி இருந்ததில் சுமார் 1,248 ஹெக்டேர் 2022இல்தான் ராம்சர் தளமானது, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது.

அதனால் வாழிட வரைபடம், அதாவது எந்தச் செடிக்கும் பறவைக்கும் எந்த இடம் வீடு என்று காட்டும் படம், வரைய உட்காரும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: 'காலி' என்ற வகையை உங்கள் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். இரண்டாவது, ஒரே ஒரு நாளின் படத்தை நம்பி எந்த எல்லையும் போடாதீர்கள். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த இரண்டையும் எப்படிச் செய்வது என்பதற்காகத்தான். செலவு ஏதும் இல்லை. ஒரு சுமாரான கணினி, இணையம், பழைய வானப் படங்களைக் காட்டும் கூகுள் எர்த் புரோ, வரைபடம் வரையும் கியூஜிஐஎஸ், அந்த வரைபடத்தைக் கைப்பேசியில் திறக்கும் கியூஃபீல்டு செயலி, மென்பொருள் எல்லாம் இலவசம். மற்றபடி நடக்கத் தயாராக இருக்க வேண்டும்.

படி 1: எங்கே, எதற்காக

முழுச் சென்னையையும் வரையப் போகிறேன் என்று கிளம்பி முதல் வாரத்திலேயே சோர்ந்துபோனவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு நீர்ப்பிடிப்புப் பகுதி, அல்லது ஒரு வார்டு, அல்லது ஓர் ஏரியும் அதன் கலங்கலிலிருந்து (உபரி நீர் வழியும் இடம்) கிளம்பும் கால்வாயும், அவ்வளவு போதும். பள்ளிக்கரணை என்றால் வேளச்சேரி, பெருங்குடி, பெரும்பாக்கம், சோழிங்கநல்லூர் பக்கங்கள், தண்ணீர் வெளியேறும் ஒக்கியம் மடுவு, அது போய்ச் சேரும் பக்கிங்ஹாம் கால்வாய் வரை எடுத்துக்கொள்ளலாம். எல்லையை வார்டு கோட்டோடு நிறுத்தாமல் தண்ணீர் போகும் வழியோடு இழுப்பது நல்லது, ஏனென்றால் கொக்குக்கும் மீனுக்கும் வார்டு தெரியாது.

கேள்வியையும் ஒரு வரியில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். 'இந்தச் சதுப்பில் கோடையிலும் தண்ணீர் நிற்கும் இடம் எவ்வளவு' என்பது ஒரு கேள்வி. 'சாலையோர மரங்களின் நிழல் எந்தத் தெருவில் விட்டுப்போகிறது' என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு படம் வேண்டும். கேள்வி தெளிவாக இல்லாவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு முடிவிலும் தடுமாறுவீர்கள்.

படி 2: வகைப் பட்டியல்

மொத்த வேலையிலும் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மென்பொருள் கற்றுக்கொள்ள ஒரு வாரம் போதும், பட்டியலுக்கு அதைவிட அதிக நாள் எடுத்துக்கொண்டாலும் தப்பில்லை.

நகரத்துக்குள் வாழிடங்களை முறையாக வரையும் பழக்கம் ஜெர்மனியில் வேரூன்றியது. மேற்கு பெர்லினில் ஹெர்பர்ட் சுக்கோப் என்ற தாவரவியலாளரும் அவரோடு இருந்தவர்களும் போரில் இடிந்துபோன மனைகள், கைவிட்ட ரயில் முற்றங்கள், சுவரோரத் தரிசுகள் எல்லாவற்றிலும் என்ன முளைக்கிறது என்று பார்த்து, அவற்றையும் காட்டுக்கும் ஏரிக்கும் சமமாகப் பெயர் கொடுத்துப் பதிந்தார்கள். அந்த மனநிலையை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள், பட்டியலை மட்டும் எடுக்காதீர்கள். பெர்லின் பட்டியலில் கோடையில் காணாமல் போகும் ஏரிக்கு இடம் இருக்காது.

நம் ஊருக்கு நம் சொற்களே போதும், நிறையவே இருக்கின்றன. ஏரி, குளம், குட்டை, தாங்கல், ஓடை, வாய்க்கால், கரை, கலங்கல், மேய்க்கால் புறம்போக்கு, தோப்பு. வருவாய்த் துறையின் அ-பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு எதிரே இந்தச் சொற்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளிக்கரணைக்கு நான் வைத்திருக்கும் பட்டியல் ஏறக்குறைய இப்படி: ஆண்டு முழுதும் நிற்கும் திறந்த நீர், பருவத்துக்கு மட்டும் நிற்கும் ஆழமில்லாத நீர், சம்பும் நாணலும் நிற்கும் சதுப்பு, மிதக்கும் ஆகாயத்தாமரை, ஈரப் புல்வெளி, சீமைக் கருவேலப் புதர், பனை வரிசை நிற்கும் கரை, தோட்டமும் தெரு மரமும் சேர்ந்த குடியிருப்பு, மரமில்லாத கட்டடப் பகுதி, குப்பைமேடு, மண் கொட்டி மேடாக்கிய நிலம். இதில் கடைசி இரண்டையும் தனியாக வைப்பதற்குக் காரணம் உண்டு. மண் கொட்டிய இடமும் வறண்ட ஏரிப் படுகையும் மே மாதப் படத்தில் ஒரே வெளிர் நிறம்தான், ஆனால் ஒன்று கார்த்திகையில் திரும்ப ஏரியாகும், மற்றது ஆகாது.

பட்டியலோடு குறைந்தபட்ச அளவையும் முடிவு செய்யுங்கள். இரண்டு கிரவுண்டுக்குக் கீழே உள்ளதைத் தனியாக வரைய மாட்டேன் என்று நான் வைத்திருக்கிறேன். ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது சுமார் 223 சதுர மீட்டர். இந்தக் கணக்கு அடுத்த படியிலும் உதவும். கால்வாய், மர வரிசை, கரை போன்ற ஒல்லியானவற்றை இந்த விதியில் மாட்டவிடாமல் கோடாக வேறு லேயரில் (ஒன்றன் மேல் ஒன்றாக வைக்கும் அடுக்கு) வரையுங்கள், இல்லாவிட்டால் மொத்தக் கால்வாயும் தொலைந்துபோகும்.

படி 3: எந்தப் படம், எந்த மாதம்

இலவசமாகக் கிடைப்பதில் முதலிடம் சென்டினல்-2க்கு. ஐரோப்பிய விண்வெளி முகமை 2015இல் முதல் செயற்கைக்கோளை ஏவியது. மொத்தம் 13 பேண்டுகள், ஒவ்வொன்றும் ஒளியின் ஒரு பகுதியை மட்டும் பதியும், அதில் நீலம், பச்சை, சிவப்பு, கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஆகிய நான்கும் 10 மீட்டர். இரண்டு செயற்கைக்கோள்கள் சேர்ந்து ஐந்து நாளைக்கு ஒருமுறை நம் தலைக்கு மேலே வருகின்றன. கோப்பர்நிகஸ் உலாவி என்ற இணையதளத்தில் ஒரு கணக்கு தொடங்கி இறக்கிக்கொள்ளலாம். 10 மீட்டர் என்றால் படத்தின் ஒரு புள்ளி, அதாவது ஒரு பிக்சல், தரையில் 100 சதுர மீட்டர், ஒரு கிரவுண்டுக்கு இரண்டேகால் பிக்சல்கூட வராது. ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தின் தலை தெரியும், வாசலில் நிற்கும் புங்க மரம் பக்கத்து மொட்டைமாடியோடு கலந்து போய்விடும்.

பழைய காலத்துக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட். முதல் செயற்கைக்கோள் 1972இல் போனது, 2008 முதல் மொத்தக் கிடங்கும் இலவசம். 1982க்குப் பிறகான படங்களில் 30 மீட்டர் பிக்சல், அதாவது நான்கு கிரவுண்டு ஒரே நிறத்தில், அதற்கு முந்தையவை இன்னும் மங்கல். தெருவைப் பார்க்க உதவாது, ஆனால் ஏரி சுருங்கிய கதையைச் சொல்ல இதைவிட நீண்ட சாட்சி கிடையாது. இஸ்ரோவின் படங்களுக்கு பூநிதி தளம் இருக்கிறது. லிஸ்-4 கருவியின் 5.8 மீட்டர் படம் சென்டினலுக்கும் விமானப் படத்துக்கும் நடுவில் நல்ல துணை.

கண்ணால் பார்த்து அடையாளம் காண கூகுள் எர்த் புரோ. மேலே கடிகாரம் போட்ட பொத்தானை அழுத்தினால் பழைய தேதிகள் வரிசையாக வரும். திரையின் கீழே தெரியும் தேதியை ஒவ்வொரு முறையும் எழுதிக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரே திரையில் பாதி ஜனவரியும் பாதி ஜூனுமாக ஒட்டிய இடங்கள் உண்டு. யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் கூகுள் படத்தின் மேல் கோடு போடக் கூடாது, பிங் படத்தையும் எஸ்ரி படத்தையும் பயன்படுத்த அனுமதி இருக்கிறது. இதை நடுவில் தெரிந்துகொண்டு மொத்தத்தையும் திரும்ப வரைவதைவிட இப்போதே தெரிந்துகொள்வது மேல்.

மாதம்தான் உயிர். வடகிழக்குப் பருவமழை முடிந்து மேகம் விலகும் ஜனவரிக் கடைசியில் ஒரு படம், எல்லாம் காய்ந்து கிடக்கும் மே மாதத்தில் ஒன்று, இந்த இரண்டும் கட்டாயம். முடிந்தால் செப்டம்பரில் ஒன்று. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மேகம் படுத்தும், அப்போது தண்ணீர் எங்கே நின்றது என்று தெரிய சென்டினல்-1 ரேடார் படம் வேண்டும். ரேடார் மேகத்தைத் துளைத்துப் பார்க்கும். அசையாத நீர்ப்பரப்பு அலையை வேறு பக்கம் தள்ளிவிடுவதால் கறுப்பாகத் தெரியும், கட்டடங்கள் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல் மாதிரியான நாட்களுக்கு ரேடார்தான் கை கொடுக்கும், ஆனால் வெள்ளத்தன்று நின்ற தண்ணீரை ஏரி என்று வரைந்துவிடாதீர்கள், அது தனி லேயர்.

அடையாறு முகத்துவாரம் போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல். கோடையில் மணல்திட்டு வாயை அடைத்துக்கொண்டால் உள்ளே தண்ணீர் தேங்கிச் சேற்றுப் பரப்பு மறையும், திறந்தால் அலை ஏறி இறங்கும்போது அதே இடம் உள்ளான்கள் மேயும் சேறு. படத் தேதிக்குப் பக்கத்தில் 'வாய் திறந்தது' அல்லது 'மூடியது' என்று ஒரு வார்த்தை எழுதிவையுங்கள்.

டிரோன் பற்றி நிறையப் பேர் கேட்பார்கள். சின்ன இடத்துக்கு அருமையானது, சந்தேகமில்லை. ஆனால் பறக்கவிடும் முன் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலமா மஞ்சளா சிவப்பா என்று பார்த்தே ஆக வேண்டும், விமான நிலையத்துக்கு அருகே கட்டுப்பாடு அதிகம். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதியும் வேண்டும். கூடு வைக்கும் பறவைகள் இருக்கும் மாதத்தில் அனுமதி கிடைத்தாலும் பறக்கவிடாதீர்கள்.

படி 4: கண்ணைப் பழக்குவது

எந்த மென்பொருளையும் திறக்கும் முன் இரண்டு மூன்று மாலை நேரங்களை வெறுமனே பார்ப்பதற்கு ஒதுக்குங்கள். நிறம், சொரசொரப்பு, வடிவம், அளவு, நிழல், பக்கத்தில் என்ன இருக்கிறது, இந்த ஆறும்தான் விமானப் படம் வாசிப்பவரின் எழுத்துக்கள்.

சம்பு மங்கலான பச்சை, பழுப்பு கலந்தது, பஞ்சு மாதிரி மெத்தென்று திட்டுத் திட்டாக, நடுநடுவே நீர்க் கீறல்களோடு தெரியும். ஆகாயத்தாமரை பளிச்சென்ற பச்சை, மழமழவென்று இருக்கும், ஓரம் வளைந்து வளைந்து காற்று தள்ளிய பக்கம் ஒதுங்கியிருக்கும். சீமைக் கருவேலம் சாம்பல் பூத்த பச்சை, முடிச்சு முடிச்சாக, பெரும்பாலும் கரையோரத்திலும் மண் கொட்டிய மேட்டிலும். தென்னை உச்சியிலிருந்து பார்த்தால் நட்சத்திரம், பனை சின்ன உருண்டைப் புள்ளி, கரையோடு வரிசையாக நின்றால் பாசிமணி கோத்த மாதிரி. பனை வரிசை தெரிந்தால் அங்கே பழைய கரை ஒன்று இருந்திருக்கலாம், அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் தேடுங்கள்.

நான் ஏமாந்த கதை ஒன்று. ரேடியல் சாலைக்குப் பக்கத்தில் ஜனவரிப் படத்தில் சீராக, பச்சைப் பசேலென்று ஒரு பரப்பு. ஈரப் புல்வெளி என்று பாலிகான் (மூடிய எல்லைக் கோடு) வரைந்து, உறுதி மூன்றுக்கு மூன்று என்று குறித்தும்விட்டேன். ஒரு காலையில் சாலையோரம் நின்று பைனாகுலரில் பார்த்தால் என் 'புல்வெளி' மேல் ஓர் இலைக்கோழி நீண்ட விரல்களை எட்டி எட்டி வைத்து நடந்து போகிறது, அது கால் வைக்கும் இடமெல்லாம் லேசாக அமுங்கி எழும்புகிறது. முழுக்க ஆகாயத்தாமரை, அடியில் தண்ணீர். வீட்டுக்கு வந்து மே மாதப் படத்தை எடுத்தால் அந்தப் பச்சை எதிர் மூலைக்குப் போயிருந்தது. புல் இடம் மாறாது. முதல் நாளே இரண்டு படத்தையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அன்றிலிருந்து இரண்டு தேதியைப் பார்க்காமல் எந்தப் பாலிகானுக்கும் உறுதி மூன்று போடுவதில்லை.

நிழலையும் பழகிக்கொள்ளுங்கள். சென்டினல்-2 காலை பத்தரை மணி வாக்கில் கடக்கிறது. ஜனவரியில் சூரியன் தென்கிழக்கே தாழ்ந்து நிற்பதால் அடுக்குமாடிகளின் நிழல் வடமேற்கே நீளும், அந்தக் கறுப்பு அச்சு அசல் குட்டை மாதிரியே இருக்கும். மே மாதத்தில் நிழல் குறுகிவிடும், அப்போதும் கறுப்பு அங்கேயே இருந்தால் தண்ணீர் என்று நம்பலாம். உயர்ந்த கட்டடங்கள் விமானப் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்தும் தெரியும். எல்லை போடும்போது கூரையை விட்டுவிட்டு அடிவாரத்தைப் பிடியுங்கள்.

படி 5: கியூஜிஐஎஸ் அமைப்பு, குறியீட்டு எண்கள்

திட்டத்தைத் திறந்ததும் ஆயத்தொலை முறையை, அதாவது இடத்தை மீட்டர் கணக்கில் சொல்லும் முறையை, சரிசெய்யுங்கள். சென்னை, திருச்சி, மதுரை எல்லாம் யுடிஎம் முறையின் 44 வடக்கு மண்டலம், எண் 32644. கோயம்புத்தூர் 78 டிகிரிக்கு மேற்கே இருப்பதால் 43 வடக்கு, எண் 32643. இதைக் கவனிக்காமல் டிகிரியிலேயே வைத்துக்கொண்டு பரப்பளவு கேட்டால் அர்த்தமில்லாத எண் வரும்.

முதலில் போலி வண்ணப் படம் ஒன்று செய்யுங்கள். அண்மை அகச்சிவப்பை (பேண்ட் 8) சிவப்பு இடத்திலும், சிவப்பைப் பச்சை இடத்திலும், பச்சையை நீல இடத்திலும் வைத்தால் உயிருள்ள செடியெல்லாம் ரத்தச் சிவப்பாக எழும்பும். இரண்டாம் உலகப் போரில் மறைப்பு வலைக்கு அடியில் ஒளித்ததையும் உண்மையான இலையையும் பிரித்தறியப் பயன்பட்ட ஃபிலிமின் அதே உத்திதான் இது. பச்சைச் சாயம் பூசிய துணி கண்ணை ஏமாற்றும், அகச்சிவப்பை ஏமாற்றாது. நகரத்தில் செயற்கைப் புல் விரித்த விளையாட்டுத் திடல்களைக் கண்டுபிடிக்க இன்றைக்கும் இது உதவும்.

அடுத்து இரண்டு எண்கள். செடிக்கு என்டிவிஐ: அண்மை அகச்சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுப்பது. தண்ணீர் பூஜ்ஜியத்துக்குக் கீழே, கட்டடமும் வெறும் மண்ணும் பூஜ்ஜியத்திலிருந்து 0.2 வரை, அடர்ந்த பச்சை 0.5க்கு மேலே என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம், உங்கள் படத்தில் சரிபார்த்து மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீருக்கு எம்என்டிடபிள்யூஐ: பச்சையிலிருந்து குறு அலை அகச்சிவப்பைக் (பேண்ட் 11) கழித்து, கூட்டுத்தொகையால் வகுப்பது. அண்மை அகச்சிவப்பை வைத்துச் செய்யும் பழைய நீர்க் குறியீடு நகரத்தில் கட்டடங்களையும் தண்ணீர் என்று சொல்லிவிடும், இது அந்தத் தப்பைக் குறைக்கும். பேண்ட் 11 மட்டும் 20 மீட்டர், அதை 10 மீட்டருக்கு மாற்றிவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. 2022 ஜனவரி 25 முதல் புதிய முறையில் தயாரான சென்டினல்-2 கோப்புகளில் ஒவ்வொரு பிக்சல் மதிப்போடும் 1,000 கூட்டியிருக்கும். அதைக் கழித்து, 10,000ஆல் வகுத்தால்தான் உண்மையான பிரதிபலிப்பு. கழிக்காமல் என்டிவிஐ போட்டால் மேலே உள்ள வித்தியாசம் மாறாது, கீழே உள்ள கூட்டுத்தொகையில் 2,000 ஏறிவிடும், ஆக மொத்தச் சதுப்பும் திடீரென்று வாடிப்போன மாதிரித் தெரியும். 2019ஐயும் 2023ஐயும் ஒப்பிட்டு 'பச்சை குறைந்துவிட்டது' என்று அறிவிக்கும் முன் இதைப் பாருங்கள். மறுபடி தயாரித்த பழைய கோப்புகளிலும் இது இருக்கும், அதனால் தேதியை நம்பாமல் கோப்போடு வரும் விவரத் தாளைப் பாருங்கள். கூடவே வரும், ஒவ்வொரு பிக்சலும் என்ன என்று எண்ணால் சொல்லும் எஸ்சிஎல் லேயரில் 3 மேக நிழல், 8, 9, 10 மேகம். இந்த நான்கையும் நீக்கிவிட்டே மேலே போங்கள்.

ஜனவரி என்டிவிஐயிலிருந்து மே என்டிவிஐயைக் கழித்து ஒரு புதிய ராஸ்டர் (பிக்சல் படம்) செய்யுங்கள், எனக்கு மிகவும் பிடித்த படம் இதுதான். அதை ஜனவரிப் படத்தோடு சேர்த்துப் பாருங்கள்: இரண்டு மாதமும் பச்சையாக இருப்பது மரம் அல்லது சீமைக் கருவேலம், ஜனவரியில் மட்டும் பச்சை என்றால் புல், ஜனவரியில் தண்ணீராக இருந்து மே மாதத்தில் பச்சையாக மாறினால் வற்றும் படுகையில் முளைத்த கோரை அல்லது பரவிய ஆகாயத்தாமரை. ஆண்டு முழுவதும் அந்த நிலம் நடக்கும் நடை ஒரே பார்வையில் தெரியும்.

படி 6: கையால் வரைவது

இரண்டு மூன்று சதுர கிலோமீட்டர் என்றால் கையால் வரைவதே மேல். கீழே உயர்துல்லியப் படம், மேலே அரைகுறை ஒளிபுகும்படி ஜனவரி-மே வித்தியாசப் படம். திரை அளவை 1:2,000இல் பூட்டிவிடுங்கள். ஒரு இடத்தில் நெருங்கியும் ஒரு இடத்தில் தள்ளியும் வரைந்தால் எல்லையின் நுணுக்கம் இடத்துக்கு இடம் மாறிப்போகும். பக்கத்துக் கோட்டோடு ஒட்டவைக்கும் ஸ்னாப்பிங்கையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் தடுக்கும் வசதியையும் போட்டுக்கொண்டு, முதலில் சாலை, ரயில் பாதை, கால்வாய் என்று அசையாத கோடுகளிலிருந்து தொடங்குங்கள், பிறகு அவற்றுக்கு இடையே உள்ளதைப் பிரியுங்கள். சதுப்பின் ஓரம் கோடாக இருக்காது, நீருக்கும் சம்புக்கும் இடையே ஒரு கலவைப் பட்டை இருக்கும். அதை வலிந்து வெட்டாமல் 'நீர்-சம்பு கலவை' என்று தனி வகையாகவே வையுங்கள், பறவைகள் அதிகம் இருப்பது பெரும்பாலும் அந்தப் பட்டையில்தான்.

ஒவ்வொரு பாலிகானுக்கும் ஐந்து கட்டம் நிரப்புங்கள்: வகை, பார்த்த படங்களின் தேதிகள், உறுதி (1 முதல் 3), நேரில் பார்த்த நாள், குறிப்பு. சோம்பல்பட்டு இதை விட்டால் ஆறு மாதம் கழித்து உங்கள் வரைபடத்தை நீங்களே நம்ப முடியாது. கடைசியில் டோபாலஜி செக்கர் என்ற கருவியை ஓட்டி இடைவெளிகளையும் ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடங்களையும் சரிசெய்யுங்கள்.

படி 7: பெரிய பரப்புக்கு இயந்திரம்

நூறு சதுர கிலோமீட்டர் என்றால் கை வலிக்கும். கியூஜிஐஎஸ்ஸின் அரைத்தானியங்கி வகைப்பாட்டுச் செருகியிலோ கூகுள் எர்த் எஞ்சினிலோ, நாம் கொடுக்கும் மாதிரிகளைப் பார்த்து மற்ற இடங்களை வகைப்படுத்தும் ரேண்டம் ஃபாரஸ்ட் முறையை ஓட்டலாம். உள்ளீடாக ஜனவரி, மே இரண்டின் பேண்டுகளும், இரண்டு குறியீடுகளும், வித்தியாசப் படமும். கையால் வரைந்ததில் உறுதி 3 உள்ள பாலிகான்களை மட்டும் பயிற்சிக்குக் கொடுங்கள்.

இயந்திரம் எங்கே சறுக்கும் என்பது முன்கூட்டியே தெரிந்த விஷயம். கட்டட நிழலைத் தண்ணீர் என்னும், கலங்கிய ஆழமில்லாத நீரைத் தார்ச்சாலை என்னும், வறண்ட படுகையைக் கட்டுமான மனை என்னும், ஆகாயத்தாமரையின் என்டிவிஐ அடர்ந்த மரத்துக்கு நிகராக இருப்பதால் அதைத் தோப்பு என்றுகூடச் சொல்லும். இந்த நான்கு ஜோடிகளுக்கும் பயிற்சி மாதிரிகளை மற்றவற்றைப் போல இரண்டு மடங்கு கொடுங்கள்.

வேர்ல்டுகவர், டைனமிக் வேர்ல்டு என்று 10 மீட்டரில் உலகம் முழுதுக்கும் ஆயத்த வரைபடங்கள் இருக்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க நல்லவை. ஆனால் உலகத்துக்கே ஒரு டஜனுக்குள் வகைகள் வைத்துச் செய்தவை, அவற்றில் தாங்கல் கிடையாது.

படி 8: காலால் சரிபார்ப்பது

வரைந்ததை கியூஃபீல்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள், இணையம் இல்லாமலும் வேலை செய்யும். எங்கே போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்கக் கூடாது, கியூஜிஐஎஸ் தற்செயலாகப் போடும் புள்ளிகளுக்குப் போக வேண்டும், ஒவ்வொரு வகைக்கும் ஐம்பதாவது. இல்லாவிட்டால் நமக்குத் தெரிந்த, நமக்கு வசதியான இடங்களுக்கே போய் எல்லாம் சரி என்று திரும்பிவிடுவோம். பயிற்சிக்குக் கொடுத்த பாலிகானுக்குள் விழும் புள்ளியை எண்ணாதீர்கள்.

சதுப்புக்குள் இறங்காதீர்கள். ஆழம் தெரியாது, சேறு இழுக்கும், கண்ணாடி விரியன் இருக்கும். சாலையோரம், பாலம், கரை இவற்றிலிருந்து பைனாகுலரில் பார்த்து, எட்டாத புள்ளியை 'எட்டவில்லை' என்று எழுதுங்கள். தனியாகப் போக வேண்டாம். விடியற்காலையில் போனால் என்ன செடி என்பதோடு யார் இருக்கிறார்கள் என்பதும் தெரியும். பூநாரை கூட்டமாக நின்றால் அங்கே திறந்த ஆழமில்லாத நீர், இலைக்கோழி நடந்தால் மிதக்கும் இலை, நீலத் தாழைக்கோழி எட்டிப் பார்த்தால் சம்பு அடர்த்தி. இந்தச் சாட்சிகள் பிக்சல் சொல்லாததைச் சொல்லும்.

துல்லியத்தைக் கணக்கிடுவது எளிது. உதாரணத்துக்கு, வரைபடத்தில் ஈரப் புல்வெளி என்று குறித்த 50 புள்ளிகளில் 38 நிஜமாகவே புல், 12 ஆகாயத்தாமரை என்று வைத்துக்கொள்வோம். அப்போது வரைபடத்தை நம்பிப் போகிறவருக்கு 76 சதவீதம் சரி. மறுபக்கம், தரையில் மொத்தம் 45 புள்ளிகள் புல்லாக இருந்து அதில் 38ஐ மட்டும் வரைபடம் பிடித்திருந்தால் 84 சதவீதம். இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில், இரண்டையும் வகை வகையாக எழுதுங்கள். மொத்தத் துல்லியம் என்று ஒரே எண்ணை மட்டும் போட்டால் கட்டடப் பகுதியின் சுலபமான வெற்றிக்குப் பின்னால் சதுப்பின் தப்பு ஒளிந்துகொள்ளும்.

படி 9: பின்னோக்கிப் பார்ப்பது

அமெரிக்க உளவுச் செயற்கைக்கோளான கொரோனா 1960 முதல் 1972 வரை எடுத்த படங்கள் 1995இல் ரகசியப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. நல்ல ஃபிலிமில் இரண்டு மீட்டர் அளவுகூடத் தெளியும், கறுப்பு வெள்ளை. எர்த் எக்ஸ்ப்ளோரர் தளத்தில் உங்கள் ஊரைத் தேடுங்கள். ஃபிலிம் ஓரங்களில் வளைந்திருக்கும், அதனால் மாறாத அடையாளங்களான கோயில் குளத்தின் மூலை, ரயில் பாலம், பழைய சாலைச் சந்திப்பு இவற்றை வைத்துச் சின்னச் சின்னத் துண்டாகப் பொருத்துங்கள். கூடவே சர்வே ஆஃப் இந்தியாவின் 1:50,000 தாளை வைத்தால் ஏரிக் கரைகள் பெயரோடு கிடைக்கும்.

பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். பழவந்தாங்கல் என்ற பெயரிலேயே தாங்கல் இருக்கிறது. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது, இரண்டுக்கும் நடுவே நீண்டிருந்த அந்தப் பெரிய ஏரி மட்டும் இல்லை. தி.நகர் எழும்பியது அதன் படுகையில்தான். தெருப் பெயர்களை ஒரு புள்ளி லேயராகப் போட்டு மழைநாள் ரேடார் படத்தின் மேல் வைத்துப் பாருங்கள்.

படி 10: வெளியிடுவதும் திருப்பிக் காட்டுவதும்

கோப்போடு ஒரு பக்கக் குறிப்பு வையுங்கள்: எந்தப் படங்கள், என்ன தேதி, குறைந்தபட்ச அளவு, வகைகளின் விளக்கம், வகைவாரித் துல்லியம், யார் எப்போது நேரில் பார்த்தது. கூடு வைக்கும் இடங்களின் புள்ளிகளைப் பொதுவில் போடாதீர்கள். நிறத் தேர்விலும் கவனம் வேண்டும். புதருக்கும் பருவ நீருக்கும் மங்கலான சாம்பல் கொடுத்தால் பார்ப்பவர் கண்ணில் அவை மறுபடி காலி நிலமாகிவிடும்.

அப்புறம் அதைப் பெரிய தாளில் அச்சடித்து அந்தப் பகுதியின் டீக்கடைக்கு எடுத்துப் போங்கள். நான் அப்படி விரித்துவைத்த ஒரு நாள், முன்பு அங்கே எருமை மேய்த்த ஒரு பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். பிறகு, 'தம்பி, இங்க ஒரு மதகு இருந்துச்சு, அதுல வர்ற தண்ணிதான் இந்தப் பக்கம் போவும்' என்று இரண்டு அடுக்குமாடிகளுக்கு நடுவே விரலால் ஒரு கோடு இழுத்தார். என் எந்தப் படத்திலும் அது இல்லை. பேனாவை அவரிடமே கொடுத்தேன். அந்தக் கோடு இப்போது என் வரைபடத்தில் விட்டு விட்டுப் போன நீலக் கோடாக, 'வாய்மொழி' என்ற குறிப்போடு இருக்கிறது. அடுத்த கார்த்திகையில் ரேடார் படம் வந்ததும் முதலில் பார்க்கப்போவது அந்த இடத்தைத்தான்.